திருவீதியும் திரையும்: பாபநாசம் சிவன் வாழ்க்கை

கோயில் வேறு, படமாளிகை வேறு என்று நாம் வகுத்து வைத்திருக்கிறோம். கோயிலிலே பாடப்படுவது தேவாரமும் கீர்த்தனையும். படமாளிகையிலே பாடப்படுவது சினிமாப்பாட்டு. முன்னது ஆன்மாவை உயர்த்தும், பின்னது மனத்தைக் கெடுக்கும் என்பது முதியோர் கட்சி. முன்னது பழையது, பின்னதே நம் காலத்துக்கு உரியது என்பது இளைஞர் கட்சி. இவ்விரு கட்சியாரும் வாதாடும்போது, இரண்டு இடங்களிலும் ஒரே திருநீற்று நெற்றியோடு நின்று, ஒரே நெஞ்சோடு பாடிய ஒருவரை மறந்துவிடுகின்றனர். அவரே பாபநாசம் சிவன். தமிழ்த் தியாகராஜர் என்று சங்கீத உலகம் போற்றிய அப்பெரியார், தமிழ்ச் சினிமாவின் ஆரம்ப காலத்திலே அதன் தலைசிறந்த பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கியவர். அவர் வாழ்க்கையை ஆராய்வோர்க்கு மேற்கூறிய வழக்கில் ஒரு நல்ல தீர்ப்புக் கிடைக்கும் என்பது என் துணிபு.

சிவன் 1890 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26 ஆம் திகதி, தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த போலகம் என்னும் சிற்றூரிலே இராமாமிருத ஐயருக்கும் யோகாம்பாளுக்கும் மகனாகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் இராமையா. ஏழு வயது நிரம்புவதற்குள் தந்தையார் காலமானார். ஆதரவற்ற தாயார் 1899 ஆம் ஆண்டளவில் தம் மக்களை அழைத்துக்கொண்டு உறவினரை நாடித் திருவனந்தபுரம் சென்றார். திருவிதாங்கூர் மன்னர்கள் நடத்திய தருமம் அந்நாளிலே பல ஏழைக் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அங்கே இராமையா மலையாளம் கற்றார். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியிற் சேர்ந்து வியாகரணத்திற் பட்டமும் பெற்றார். பிற்காலத்திலே வடமொழிச் சொற்களைத் தொகுத்துப் பேரகராதியொன்றை ஆக்கும் ஆற்றல் இக்கல்வியாலேயே அவருக்கு வாய்த்தது.

படிப்புக் கல்லூரியில் நடந்தது. ஆனால் பாட்டு பஜனை மடத்திலே பிறந்தது. திருவனந்தபுரத்துக் கரமனையிலே நீலகண்ட சிவன் என்னும் அடியார் வாழ்ந்து வந்தார். சிவபெருமான்மீது தமிழிலே கீர்த்தனைகள் இயற்றி, அன்பர் கூட்டத்தோடு மெய்ம்மறந்து பாடுவது அவர் வழக்கம். 1900 ஆம் ஆண்டு அவர் இறையடி சேர்ந்தார். ஆயினும் பத்து வயதுச் சிறுவனின் செவியில் விழுந்த அந்தப் பஜனை ஒலி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அடங்கவில்லை. சங்கீதத்தின் அடிப்படைப் பாடங்களை நூரணி மகாதேவ பாகவதரிடத்தும் சாம்ப பாகவதரிடத்தும் இராமையா கற்றார். பின்னர் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டிலே மனத்தைப் பறிகொடுத்து, அவர் பாடும் இடமெல்லாம் சென்று கேட்டுக் கேட்டே தம் ஞானத்தை வளர்த்துக்கொண்டார். குருகுலத்தில் இருந்து கற்றதைக் காட்டிலும் கூட்டத்தில் இருந்து கற்றதே அதிகம் எனலாம்.

1910 ஆம் ஆண்டு தாயாரும் மறைந்தார். இருபது வயது இளைஞர். வீடில்லை, தொழிலில்லை, பற்றுமில்லை. ஊர் ஊராகவும் கோயில் கோயிலாகவும் நடந்தார். திருவாரூர், திருவையாறு முதலிய சோழநாட்டுத் தலங்களின் உற்சவங்களிலே அவர் பாடிக்கொண்டு செல்வார். திருவாரூரிலே தியாகராசப் பெருமானைத் தரிசித்தபோது குந்தலவராளி ராகத்திலே ஒரு கீர்த்தனை பிறந்தது. அதுவே அவருடைய முதற் கீர்த்தனை. சங்கீத மும்மூர்த்திகள் அவதரித்த அதே தலத்திலே தமிழ்க் கீர்த்தனை மரபின் புதிய கிளையொன்று துளிர்த்தமை பொருத்தமேயாகும். தம் இயற்பெயரை ஒட்டி இராமதாசன் என்பதையே பாடல்களில் முத்திரையாக அமைத்தார்.

இராமதாசன் சிவன் ஆனது எங்ஙனம்? அவருடைய தமையனார் தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் வாழ்ந்தார். திருநெல்வேலிச் சீமையிலே அருவியுள்ள பாபநாசம் இதுவன்று. கும்பகோணத்துக்கு அணித்தான ஊர். தமையனாரோடு தங்கியிருந்த காலத்திலே, உடல் முழுதும் திருநீறு பூசிக்கொண்டு பாடித் திரிந்த இவரைக் கணபதி அக்கிரகாரத்து மக்கள் சிவபெருமானே வந்தாற்போலக் கண்டு சிவன் என்று அழைக்கலாயினர். இராமனின் பெயரைப் பெற்றோர் இட்டனர். சிவனின் பெயரை ஊரார் இட்டனர். இரண்டையும் ஒருங்கே தாங்கிய அவர், கந்தனையும் கண்ணனையும் அம்பிகையையும் வேறுபாடின்றிப் பாடினார்.

சென்னை மயிலாப்பூரோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பு தனியே கூறத்தக்கது. 1921 ஆம் ஆண்டு முதலாக மார்கழி மாதந்தோறும் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் விடியற்காலையிலே அவர் பஜனை நடத்தினார். பனி கொட்டும் வைகறையில், கூலி பேசி அழைத்த பக்கவாத்தியமின்றி, மேடையின்றி, அனுமதிச் சீட்டின்றி நடந்த அந்தக் கச்சேரிக்கு வந்தவர்கள் வெறுங்காலோடு கூடவே நடந்தார்கள். பெரிய வித்துவான்களும் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று பின்பாட்டுப் பாடியதுண்டு. கபாலியின் வீதியுலாவைக் கண்டு உருகிக் காம்போதி ராகத்தில் அவர் பாடிய கீர்த்தனை இன்றும் கச்சேரி மேடைகளில் நடுநாயகமாக விளங்குகின்றது. 1930 ஆம் ஆண்டளவில் குடும்பத்தோடு சென்னையிலேயே நிலையாகக் குடியேறினார்.

கிறித்தவ மிஷன் பாடசாலையிலே பயின்றவன் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். காலை வழிபாட்டிலே நானூறு மாணவர் ஒரே குரலாய்ப் பாடும்போது, இசை தெரியாதவனுக்கும் மனம் ஒரு நிலையில் நிற்பதை அங்கே கண்டேன். கூடிப் பாடுதல் என்பது பிற சமயத்தாருக்கே உரியது என்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். மயிலாப்பூர் வீதியிலே அரை நூற்றாண்டளவும் சிவன் செய்துகாட்டியது வேறென்ன? நமது நாட்டிலும் திருவெம்பாவைக் காலத்திலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க விடியுமுன் தெருவழியே பாடிச் செல்லும் வழக்கம் உண்டன்றோ? செல்வம் நம் வீட்டிலேயே இருக்கின்றது. அதை எடுத்து ஆள்வாரைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

இனி, அவருடைய வாழ்வின் மறுபக்கத்துக்கு வருவோம். 1931 ஆம் ஆண்டு தமிழிலே பேசும்படம் தோன்றியது. பேசும்படம் என்ற பெயரே பொருந்தாது. பாடும்படம் என்றே சொல்லவேண்டும். ஒரு படத்திலே நாற்பது ஐம்பது பாட்டுகள் இடம்பெறும். பின்னணியிலே ஒருவர் பாட முன்னணியில் மற்றவர் வாயசைக்கும் முறை அப்போது இல்லை, நடிகரே பாடவேண்டும். ஆகவே சங்கீதம் அறிந்த நடிகர்களும், அவர்களுக்குப் பாட்டுக் கட்டித் தரும் புலவரும் தேவைப்பட்டனர். நாடக மேடைப் பாட்டுகளை அப்படியே எடுத்தாள்வதும், இந்தி மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்புவதும் அந்நாளைய வழக்கம்.

இச்சூழ்நிலையிலேதான் 1934 ஆம் ஆண்டு பிரபாத் நிறுவனத்தார் தயாரித்த சீதா கல்யாணம் வெளிவந்தது. அதிலே இராமனாக நடித்த எஸ். ராஜம் மயிலாப்பூரைச் சேர்ந்தவர். சிவனிடத்துப் பாட்டுக் கற்றவர். அவர் தந்தையாரும் தங்கையாரும், பின்னாளில் வீணை வித்துவானாகப் புகழெய்திய தம்பி பாலசந்தரும் அதே படத்தில் தோன்றினர். பழகிய குடும்பத்தாருக்காகவே பாடல் எழுத இசைந்த சிவன், அப்படத்தோடு திரையுலகிற் புகுந்தார். அதே 1934 ஆம் ஆண்டிலேதான் அவருடைய கீர்த்தனைகளின் முதல் தொகுதி நூலுருவில் வெளிவந்தது. பக்தனின் நூலும் சினிமாக்காரரின் படமும் ஒரே ஆண்டிற் பிறந்த இரட்டைக் குழந்தைகள். ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள முற்படுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பின்வந்த பத்தாண்டுகளும் தமிழ்த் திரையிசையிலே சிவனின் காலம் எனலாம். 1937 ஆம் ஆண்டிலே சிந்தாமணி, அம்பிகாபதி, 1939 இல் திருநீலகண்டர், 1941 இல் அசோக்குமார், 1943 இல் சிவகவி, 1944 இல் ஹரிதாஸ் என்று வரிசையாக வந்த படங்களிலே எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய பாடல்களை யாத்தவர் அவரே. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த சேவாசதனம், சகுந்தலை, சாவித்திரி, மீரா ஆகிய படங்களிலும் அவருடைய பாடல்கள் உண்டு. டி. கே. பட்டம்மாளைத் தியாகபூமி மூலம் திரைக்கு அறிமுகஞ் செய்தவரும் அவரே. பாட்டின் சொல்லும் மெட்டும் பெரும்பாலும் ஒருங்கே அவர் உள்ளத்தில் உதித்தன. ஹரிதாஸ் முதலிய படங்களில் அதற்கு வாத்திய இசையை அமைத்து மெருகூட்டியவர் ஜி. இராமநாதன். சொல் ஒருவர், மெட்டு ஒருவர் என்று பிரிந்து நிற்கும் பிற்காலப் பாடல்களில் அரிதாகக் காணப்படும் இசைவு அப்பாடல்களில் இயல்பாக அமைந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

பாடல் இயற்றியதோடு அவர் நில்லாது நடிக்கவும் செய்தார். 1936 ஆம் ஆண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய பக்த குசேலாவிலே குசேலராகத் தோன்றினார். கந்தையுடுத்து, வறுமையுற்று, ஒருபிடி அவலோடு நண்பனைத் தேடிச் செல்லும் அந்தணனுக்கு ஒப்பனை அதிகம் வேண்டியிருந்திராது. ஏழு வயதிலே தந்தையை இழந்து தருமச் சோறுண்டு வளர்ந்தவருக்குக் குசேலரின் பசி புத்தகத்திற் படித்த பசியன்று.

அதனினும் துணிவானது 1939 ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த தியாகபூமி. கல்கி எழுதிய கதை, கே. சுப்பிரமணியம் எடுத்த படம். அதிலே சம்பு சாஸ்திரி என்னும் வைதிகப் பிராமணராகச் சிவன் நடித்தார். புயலில் வீடிழந்த அரிசன மக்களுக்குத் தம் வீட்டிலே அடைக்கலம் கொடுத்ததற்காக ஊராராற் சாதிக்குப் புறம்பாக்கப்படும் பாத்திரம் அது. திருவிதாங்கூரிலே 1936 ஆம் ஆண்டு மன்னர் ஆணையாற் கோயிற் கதவுகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவுகள் திறந்தது 1939 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே. அதாவது தியாகபூமி வெளிவந்த இரண்டு மாதத்தின் பின். வழக்குக் கொதித்துக்கொண்டிருந்த அக்காலத்திலே, ஆசாரசீலர் என்று மயிலாப்பூர் அறிந்த ஒருவர், திருநீறும் உருத்திராக்கமும் அணிந்தபடியே அப்பாத்திரத்தை ஏற்றது சிறிய காரியமன்று. விடுதலை இயக்கத்துக்குத் துணைபோகின்றதெனக் கண்டு ஆங்கில அரசாங்கம் அப்படத்தை 1940 இலே தடைசெய்தது. கோயிற் கதவுகள் நம் நாட்டிலும் எளிதில் திறந்தவையல்ல என்பதை 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அறிந்த முதியோர் உணர்வர். உண்மையான பக்தி கதவை அடைக்காது, திறக்கும் என்பதைச் சிவன் படமாளிகையிலே நின்று போதித்தார். அது கோயில் மண்டபத்திலேயே போதிக்கப்பட்டிருக்க வேண்டிய பாடம்.

இனி அவர்மீது சாட்டப்படும் குற்றத்தையும் மறையாது கூறவேண்டும். கபாலியைப் பாடிய வாயாற் காதற் பாட்டும் பாடலாமா என்பதே அது. ஹரிதாஸ் படத்திலே, தாசியின் ஆடலைக் கண்டு மயங்கிய நாயகன் மன்மதனின் ஆற்றலை வியந்து பாடும் சாருகேசி ராகப் பாடல் நாடெங்கும் முழங்கியது. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனை இருந்தும், அதிகம் வழங்காதிருந்த அந்த ராகம் இச்சினிமாப்பாட்டின் பின்னரே பலர் செவியிலும் பதிந்தது. பாட்டைக் கேட்டவர் மயங்கினர் என்பது உண்மை. ஆயினும் கதையை நோக்குக. தாய் தந்தையரை அவமதித்துத் துரத்தும் அகந்தையின் உச்சியிலே நின்று நாயகன் பாடுவது அது. பின்னர் அவன் செல்வத்தையும் கால்களையும் இழந்து, அறிவு தெளிந்து, பெற்றோரே தெய்வமெனக் கண்டு தொண்டு செய்கின்றான். அந்த மனமாற்றத்துக்குரிய உருக்கமான பாடல்களை எழுதியதும் அதே எழுத்தாணியே. விழுவதைப் பாடாமல் எழுவதைப் பாட இயலுமா? மணிவாசகரும் தம் குற்றங்களை எடுத்துரைத்த பின்னரன்றோ அருளைப் பாடினார்?

ஆனால் முதியோர் கட்சியிலும் ஓர் உண்மை உண்டு. கேட்டவர் பலர் மயக்கப் பாட்டை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். மனமாற்றப் பாட்டைப் படமாளிகையிலேயே விட்டுச் சென்றனர். அது பாடியவரின் பிழையன்று, கேட்பாரின் தெரிவு. நல்ல பாட்டைச் செய்தல் புலவன் கடன்; அதைத் தெரிந்து கேட்டல் நம் கடன். 1944 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த அப்படம் சென்னையிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகராகிய பாகவதரோ, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆண்டின் இறுதியில் ஒரு கொலை வழக்கிற் கைதாகி, 1947 இலே விடுதலை பெற்றார். உலகப் புகழின் நிலையாமையை அப்படத்தின் கதையைக் காட்டிலும் நாயகரின் வாழ்வே நன்கு உணர்த்திவிட்டது.

சினிமாவிலே பிறந்த பாட்டுக் கோயிலுக்குத் தகுதியற்றது என்பாருக்கு இன்னொரு சான்றும் காட்டலாம். 1938 ஆம் ஆண்டு வெளிவந்த சேவாசதனம் படத்திலே எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய இந்தோள ராகப் பாடலொன்று ஹரியையும் ஹரனையும் ஒருசேரத் துதிப்பது. படம் ஓடி முடிந்தது. பாட்டோ கச்சேரி மேடைக்கு ஏறி, இன்று சபைகளிலே கீர்த்தனையாகவே பாடப்படுகின்றது. அது திரையிலிருந்து வந்ததென்பதைப் பாடுவோரிற் பலர் அறியார். பிறந்த இடத்தை வைத்துப் பாட்டை மதித்திருந்தால் அந்த மாணிக்கத்தை நாம் இழந்திருப்போம்.

தமிழிசை இயக்கத்துக்கு அவர் செய்த உதவியும் பெரிது. 1940 களின் தொடக்கத்திலே, தமிழிற் கச்சேரிக்குத் தகுந்த உருப்படிகள் போதா என்று ஒரு சாரார் வாதித்தனர். 1943 ஆம் ஆண்டு அண்ணாமலை அரசர் சென்னையிலே தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். மேடைகளிலே சொற்போர் மூண்டது. சொற்போரினும் வலிய விடையாகச் சிவனின் கீர்த்தனைகள் அமைந்தன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மரபு குன்றாமலும், ராக பாவம் சிதையாமலும், கேட்ட மாத்திரத்தே பொருள் விளங்கும் எளிய தமிழில் அவை நூற்றுக்கணக்காக இருந்தன. அப்படியிருந்தும் வடமொழியையோ தெலுங்கையோ அவர் பகைத்தவரல்லர். வடமொழியிலும் கீர்த்தனைகள் செய்தார். 1936 இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரத்தின் தொடக்க காலத்திலே அங்கே இசை ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1950 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே சினிமாவின் போக்கு மாறியது. பாட்டுகள் குறைந்து வசனம் ஓங்கியது. மேனாட்டு மெட்டுகளும் புதிய வாத்தியங்களும் வந்தன. சிவன் அவற்றோடு போட்டியிடவுமில்லை, அவற்றைத் தூற்றவுமில்லை. அழைப்புக் குறைந்தபோது அமைதியாக ஒதுங்கிக்கொண்டார். படத்துக்குப் பாட்டு எழுதிய காலத்திலும் எழுதாத காலத்திலும் மார்கழி வைகறையிலே மாட வீதியில் அவர் குரல் கேட்டது. அவர் வாழ்வின் நங்கூரம் எதுவென்பதை இதனால் அறியலாம். சினிமா அவரைத் தேடி வந்தது, பின்னர் விட்டுச் சென்றது. வரும்போது அவர் தம்மை இழக்கவில்லை. ஆகவே போகும்போதும் அவர் எதையும் இழக்கவில்லை.

விருதுகள் பிந்தியே வந்தன. 1962 ஆம் ஆண்டு இந்திய சங்கீத நாடக அக்கடமி அவரைக் கௌரவித்தது. சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1971 ஆம் ஆண்டு, அவருடைய எண்பத்தோராம் வயதிலே கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் மேடை வித்துவான்கள் இவர் பாட்டைப் பாடிப் பட்டம் பெற்ற பின்னரே இவர் முறை வந்தது. 1972 ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருது வழங்கியது. அடுத்த ஆண்டு, 1973 ஒக்டோபர் மாதம் முதலாம் திகதி, எண்பத்து மூன்று வயது நிரம்பிய ஐந்தாம் நாளிலே சென்னையிற் சிவபதம் எய்தினார்.

அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இன்றும் நம் நாட்டு இசை மாணவர் அவர் கீர்த்தனைகளைப் பாடம் பண்ணுகின்றனர். கோயில் விழாக்களிலே நாதஸ்வரக்காரர் வாசிக்கின்றனர். ஆயினும் அவருக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி இதனோடு முடியவில்லை. முதியோரே, பிள்ளைகள் கேட்கும் பாட்டைக் கேட்ட மாத்திரத்தே காதைப் பொத்தாதீர்கள். அதிலே ராகம் இருந்தால் ராகத்தைச் சொல்லிக்கொடுங்கள், பொருள் இருந்தாற் பொருளை விளக்குங்கள். இளைஞரே, கீர்த்தனை முதியோருக்குரியதென்று தள்ளாதீர்கள். நீங்கள் விரும்பும் திரையிசையின் வேர் எங்கே ஓடுகின்றதென்று ஒருமுறை தோண்டிப் பாருங்கள். வருகின்ற மார்கழியிலே நம் மன்றத்து இளைஞர் பத்துப் பேராவது விடியுமுன் எழுந்து, முதியோர் முன்செல்ல வீதிவழியே பாடிச் செல்வார்களாயின், கோயிலுக்கும் படமாளிகைக்கும் நடுவே நாம் எழுப்பிய சுவரில் ஒரு வாயில் திறக்கும். அவ்வாயிலின் வழியே எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் போய்வந்து வழிகாட்டியிருக்கின்றார். சிவன் புகழ் நிலைபெறுவதாக.